எட்பர்கா கோயிலின் கடைசிக் காவல்

அந்த வருஷம் அறுவடை முடிந்த பிறகு புனித எட்பர்கா பங்கில் ஒருவரும் சாகவில்லை. அந்தக் கோயிலைச் சேர்ந்த மொத்தப் பங்குமே இருபத்தாறு வீடுகள்தான். நகர மதிலுக்கும் வெண்டில் ஆற்றுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. ஈரம் சுவரில் ஏறும், இருமல் நெஞ்சில் ஏறும். மற்ற வருஷங்களில் மாதத்துக்கு ஒரு சாவாவது தவறாது. இந்த வருஷம் பார்த்து எல்லாருக்கும் ஆரோக்கியம் பொங்கி வழிந்தது. கூரை வேய்கிற பார்னபி மூன்றாள் உயரத்திலிருந்து விழுந்தான். விழுந்தவன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான், ஏணியை நாலு வார்த்தை திட்டினான், மறுபடியும் மேலே ஏறிவிட்டான்.

தெருமுனையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்வஸுக்கு வயிறு எரிந்தது.

ஜெர்வஸ் பொல்லாதவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஊர் அவனைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசியது. அவன் எட்பர்கா கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, தரையில் புதுக் கோரை பரப்புவது, நாய்களை விரட்டுவது, குழி வெட்டுவது எல்லாம் அவன் வேலை. அவனுடைய அப்பனும் அதே வேலைதான் பார்த்தான். யாரைப் பார்த்தாலும் ஜெர்வஸின் கண் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை ஓடும், தோளில் ஒரு நொடி நிற்கும். குழியின் நீளமும் அகலமும் அவனுக்கு அந்தப் பார்வையிலேயே கிடைத்துவிடும். தொழில் கொடுத்த பழக்கம், வேறொன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் அவன் மனைவி தாமசின் இதற்காகவே அவனோடு சண்டை பிடித்திருக்கிறாள்.

அந்த ஆகஸ்டில் அரசாங்க ஆட்கள் வந்து பிரசங்க மேடையில் நின்று ஒரு ஓலை வாசித்தார்கள். ஊரில் கோயில் அதிகம், ஆள் குறைவு. ஆகவே எட்பர்கா பங்கு இனிமேல் சகல புனிதர் பங்கோடு சேரும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளோடு பூசை நிற்கும், புதைப்பதும் நிற்கும். கோயில் கல் பாலத்தைப் பழுதுபார்க்கப் போகும், கூரையின் ஈயத் தகடு அரசருக்கு, நிலம் கம்பளி வியாபாரி ராவ்லின்ஸுக்கு. நானூறு வருஷத்துக் கோயிலை ஒரு மூச்சில் முடித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அறுவடை முடியும் முன்னே பங்கில் ஒரே ஒரு சாவு விழுந்தது. ஜெர்வஸின் மகள் அவெரில். ஏழு வயது. மூன்று நாள் காய்ச்சல்.

எட்பர்கா பங்கில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர் வாசலில் காவல் நிற்க வேண்டும். பாதிரியார் வரும்வரை சவத்தை இறக்கிவைக்கும் கூரைவாசல் ஒன்று உண்டு, அந்த இடத்தில்தான். இரவும் பகலும் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது, நகரக் கூடாது. அடுத்த சவம் உள்ளே வந்ததும் காவல் கைமாறும். பழையவர் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் பாடை தூக்குகிறவர்கள் வாசலை நோக்கி ஓடுவார்கள், பிந்தி வருகிறவருக்குத்தானே காவல். ஜெர்வஸின் அப்பன் காலத்தில் அப்படி ஓடியதில் ஒரு கிழவரைக் குட்டையில் கவிழ்த்தேவிட்டார்கள். நனைந்த சவத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினார்கள்.

சரி, அடுத்தவர் வரவே போவதில்லை என்றால்? தோட்டத்தையே மூடிவிட்டால்? கடைசியில் நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவெரிலுக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பியிருந்தது. அப்பன் செய்துகொடுத்த தடித்த அடியுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு நாலு அடி நடப்பாள், நின்றுவிடுவாள், இரண்டு கையையும் நீட்டுவாள். "கால் வலிக்குதுப்பா, தூக்கு." பூசை நேரத்தில் எல்லாரும் எழுந்து நிற்கும்போதுகூட அவள் ஜெர்வஸின் தோளில்தான் இருப்பாள். அந்தப் பிள்ளையை அவன் தன் கையாலேயே குழிக்குள் இறக்கினான். இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே கூரைவாசல் தெரிந்தது. அழுகை நின்றுபோய் நெஞ்சுக்குள் வேறு ஏதோ புகுந்துகொண்டது.

மிக்கேல் திருநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்துக்குள் பங்கில் யாராவது ஒருவர் சாக வேண்டும். ஒரே ஒருவர் போதும்.

பங்குச் சாமியார் ஹம்ஃப்ரியிடம் போய்க் கேட்டான். அவர் சமாதானமாகத்தான் பேசினார்.

"அரசாங்கத்துப் புது ஜெபப் புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்ல, ஜெர்வஸ். செத்தவங்க ஆண்டவர்கிட்ட இருக்காங்க. வாசல்ல எதுக்கு நிக்கணும்?"

"பழைய புத்தகத்துலயும் இல்ல சாமி. ஆனா உங்களுக்கு முந்தி இருந்த சாமியார் சாகக் கிடந்தப்போ என்ன கேட்டாரு தெரியுமா? 'எனக்கு அடுத்து யாரு படுக்கையில இருக்கா'ன்னுதான் கேட்டாரு."

ஹம்ஃப்ரி அந்த மாதமே தன் சாமான்களை வண்டியில் ஏற்றிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்காள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

மற்றவர்களுக்கும் அப்படித்தான் ஏதேதோ ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. ஜெர்வஸ் தெருவில் வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். முழுகாமல் இருந்த சிஸ்லி, பேறுகாலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஆண்கள் அவனுக்கு எதிரில் இருமலை விழுங்கினார்கள். பன்றி இறைச்சியும் பட்டாணிக் கஞ்சியும் வயிறு முட்டச் சாப்பிட்டு, வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பார்த்தாயா எப்படி இருக்கிறேன் என்பதுபோல அவனையே பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும், அவன் எதற்காக அளவெடுக்கிறான் என்று. யாரும் அந்தக் கடைசி ஆளாக இருக்கத் தயாரில்லை.

தாமசின் ஒருநாள் சொன்னாள், "தண்ணி எடுக்கப் போனா எல்லாரும் விலகி நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

"எனக்கும் அதே நெனப்புதான்யா. பெத்தவ நான். ஆனா நான் மனசுக்குள்ள வச்சிருக்கேன். நீ மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டுத் தெருத்தெருவா அலையுற."

அவன் கேட்கவில்லை. செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரு காரியம் செய்தான், அதை எட்பர்கா பங்கில் எவனும் மறக்கவில்லை. சனிக்கிழமை பட்டப்பகலில், யாருமே சாகாதபோது, ஒரு குழி வெட்டினான். பெரிய ஆள் அளவு. வெட்டியதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் அந்த வாரமே பங்கில் ஒரு சாவு விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரியாமல் எந்தக் குழிவெட்டியும் செய்துவிட முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் பலகையாவது போட்டு மூடிவிட்டுப் போவான். பூசைக்கு வந்த சனம் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பார்னபி மட்டும் வாயைத் திறந்தான்.

"யாருக்குடா இது?"

"வர்றவங்களுக்கு," என்றான் ஜெர்வஸ்.

அந்த வாரம் செத்தது ஒன்றே ஒன்று. சாமியாரின் பன்றி.

ஆனால் ஊரில் அதே நேரம் ஒரு படுக்கையில் ஒரு சாவு தயாராகத்தான் இருந்தது. பெட்ரனெல். எழுபது வயது தாண்டிய விதவை, பீர் காய்ச்சி விற்றவள். அவளுடைய குவளைக்கு அடிப்பாகம் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். அளவு குறைவு என்று இரண்டு தடவை சந்தையில் எல்லாருக்கும் முன்னால் உட்காரவைத்து அவமானப்படுத்தினார்கள். மூன்றாம் நாள் அதே குவளையில் விற்றாள். பிள்ளைகுட்டி இல்லை. வசந்தத்திலிருந்து நெஞ்சில் நீர் கோத்துக் கால் வீங்கிப் படுத்த படுக்கை. இரண்டு மாதம் தாங்காது என்று வைத்தியமும் பார்க்கிற நாவிதர் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். அவள் நாவிதரையும் ஏமாற்றிவிட்டாள்.

ஜெர்வஸ் தினமும் மதியம் அவளைப் பார்க்கப் போனான். முதலில் தாமசின் கொடுத்தனுப்பிய கஞ்சியோடு போனான். பிறகு வெறுங்கையோடும் போனான். வாசலில் அவன் நிழல் விழுந்ததுமே அவள் கண்ணைத் திறப்பாள்.

"வாடா ஜெர்வஸ். குழி வெட்டியாச்சா?"

"எப்படிம்மா இருக்கு உடம்புக்கு?"

"உன் மூஞ்சியைப் பாத்ததும் நல்லாயிருச்சு. உக்காரு. எவ்வளவு நீளம் வெட்டியிருக்க? நான் குள்ளம்டா, மண்ணை வீணாக்காத."

அவன் முக்காலியில் உட்காருவான். அவள் மூச்சை எண்ணுவான். அவன் எண்ணுகிறான் என்று தெரிந்து அவள் வேண்டுமென்றே ஒரு மூச்சை நிறுத்திப் பிடிப்பாள். அவன் முன்னால் சாய்ந்ததும் விட்டுவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு இருமலில் முடியும்.

"மிக்கேல் திருநாள் வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன்," என்றாள் ஒருநாள். "மறுநாள் காலையில செத்துப்போறேன், போதுமா? சகல புனிதர் தோட்டத்துல போடுங்க. அங்க நம்ம மாதிரி வழக்கம் கெடையாது, படுத்தா படுத்ததுதான்."

"உங்க புருஷன் இங்கதானே கெடக்காரு."

"கெடக்கட்டும். அவன் பக்கத்துல நாப்பது வருஷம் படுத்தாச்சு. பீப்பாய் பக்கத்துல நின்னு நின்னுதான் இந்தக் கால் இப்படி வீங்கிக் கெடக்கு. செத்தும் நிக்கணுமாக்கும்?"

ஜெர்வஸ் எழுந்துவிட்டான். கிழவி காலைப் பற்றிப் பேசியதும் அவனுக்குள் ஏதோ கிழிந்தது. "உங்களுக்கு எழுபது வருஷத்துக் கால். அதுக்கு ஏழு வருஷத்துக் கால்," என்றான். சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதற்குள் கோயிலில் கை வைத்துவிட்டார்கள். திருநாள்வரை பொறுக்க ராவ்லின்ஸுக்கு மனமில்லை. கூரையின் ஈயத்தைச் சுருட்டி இறக்கினார்கள். மணியைக் கயிறு கட்டி இறக்கியபோது அது சுவரில் ஒருமுறை இடித்தது. அந்த ஒற்றைச் சத்தத்துக்குப் பங்கு முழுவதும் வெளியே வந்து பார்த்தது, செத்தது யார் என்று. யாரும் இல்லை. மழை நேராகப் பீடத்தில் விழுந்தது. ஜெர்வஸ் தினமும் காலையில் கூரைவாசலுக்குப் போய் அவெரிலின் செருப்பு ஒற்றையைத் தூணோரம் வைத்தான், சாயங்காலம் எடுத்து வந்தான். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து, பிள்ளை சாய்ந்துகொள்ள வாகாகத் தோளைச் சாய்த்து வைத்திருப்பான். வேலையாட்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் கல் சுமந்தார்கள்.

திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தபோது ஆற்றுக்காற்று கிளம்பியது. எலும்பைத் துளைக்கும் காற்று. அன்று மதியம் பெட்ரனெலின் வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சந்தைக்குப் போயிருந்தாள். படுக்கைக்கு நேர்மேலே சன்னலின் பலகைக் கதவு தாழ் விலகி அடித்துக்கொண்டிருந்தது. கிழவியின் உதடு நீலமாக இருந்தது.

"ஜெர்வஸா? அந்தப் பலகையைச் சாத்திட்டுப் போடா," என்றாள். முதல்தடவையாக அவள் குரலில் கேலி இல்லை.

அவன் சன்னல்வரை போனான். பலகையில் கை வைத்தான். அங்கிருந்து பார்த்தால் கூரைவாசல் தெரிந்தது. கையை எடுத்தான். திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான்.

தெருவைத் தாண்டினான், தோல் பதனிடுகிறவர்கள் குடியிருப்பைத் தாண்டினான், பாலம்வரை போய்விட்டான். பாலத்தில் புதுக் கற்கள் அடுக்கியிருந்தார்கள். ஒரு கல்லில் எட்பர்கா கோயில் தூணில் இருந்த திராட்சைக்கொடி தெரிந்தது. அவெரில் அவன் தோளில் இருந்தபடி விரலால் தடவிக்கொண்டே இருக்கும் கொடி. பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டு தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடினான். முப்பத்தாறு வயது ஆள் தெருவில் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்து, எவனோ செத்துவிட்டான் என்று சனம் கதவைச் சாத்தியது.

உள்ளே போய்ப் பலகையைச் சாத்தித் தாழிட்டான். அடுப்பைப் பற்றவைத்தான். தன் மேலங்கியைக் கழற்றி அவள்மேல் போர்த்தினான். அவசரத்தில் தீ இரண்டு தடவை அணைந்தது.

"முந்நூத்திப் பன்னெண்டு," என்றாள் கிழவி.

"என்னம்மா?"

"நீ போனதுலேர்ந்து எண்ணினேன். முந்நூறுக்குள்ள வருவேன்னு நெனச்சேன். பன்னெண்டு கூட ஆயிருச்சு."

ஜெர்வஸ் தரையில் உட்கார்ந்து அழுதான். பிள்ளையைப் புதைத்தபோது அழாத அழுகையையும் சேர்த்து அழுதான். அவள் தடுக்கவில்லை. அழுது முடிந்த பிறகு சொன்னாள்:

"இப்படியே விட்டா நீ பைத்தியமாயிருவ. இல்லேன்னா தூக்குல தொங்குவ. அந்தப் புள்ள ரெண்டையும் வாசல்ல நின்னு பாக்கணும். சரி, நான் நிக்கிறேன்."

"வேண்டாம்மா."

"வாயை மூடு. சும்மா இல்ல, ஒரு பேச்சு இருக்கு. நான் எதையும் சும்மா குடுத்தவ இல்ல. நீ சாகும்போது இங்க வரணும். இந்தத் தோட்டத்துக்கு. வந்து என்னை மாத்திவிடணும்."

"தோட்டத்தை மூடிடுவாங்களேம்மா. ராவ்லின்ஸ் நெலமாயிரும்."

"அது உன் பாடு. குழி வெட்டுறவன் நீயா நானா? புள்ள பேர்ல சத்தியம் பண்ணு."

அவன் செருப்பு ஒற்றையை மடியிலிருந்து எடுத்து அதன்மேல் கை வைத்தான். அவெரில் பேரால் சத்தியம் செய்தான்.

அன்றிலிருந்து பெட்ரனெல் வாயைத் திறக்கவில்லை. கஞ்சியோ தண்ணீரோ உள்ளே போகவில்லை. அடுத்த மூன்று நாளும் ஜெர்வஸ் கரண்டியும் கையுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினான். ஐந்து வாரம் அவள் சாக வேண்டும் என்று வேண்டியவன், ஒரு மடக்கு குடியுங்கள் என்று அவள் தாடையைப் பிடித்து மன்றாடினான். அவள் தலையை ஆட்டி, கண்ணாலேயே சிரித்தாள். கிழவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பாவம் என்றது ஊர். பாவம் என்று சொன்ன அத்தனை பேர் முகத்திலும் ஒரு தெம்பு வந்திருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் பெட்ரனெல் போய்ச் சேர்ந்தாள். மத்தியானமே புதைத்தார்கள். கூரை இல்லாத கோயிலில், தொப்பியோடு நின்று ஹம்ஃப்ரி அவசரமாக வாசித்தார். ஞாயிறு முழுவதும் வாய் திறந்து கிடந்த அதே குழிதான். அவளுக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. மண்ணைத் தள்ளி முடித்ததும் ஜெர்வஸ் கூரைவாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டான். அவெரிலின் குழிமேல் அதைப் புதைத்தான். "படுத்துக்கடா கண்ணு," என்றான். தாமசின் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அன்று இரண்டு பேரும் ரொட்டி சாப்பிட்டார்கள்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம்.

வசந்தத்துக்குள் கோயில் போய்விட்டது. அஸ்திவாரக் கல்லைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ராவ்லின்ஸ் நிலத்தைச் சமன்செய்து ஆப்பிள் கன்றுகள் நட்டான். கூரைவாசலை மட்டும் யாரும் தொடவில்லை. கூலி இரட்டிப்பாகத் தருகிறேன் என்றும் ஆள் வரவில்லை. சரி, தோப்புக்கு ஒரு வாசலாகத்தான் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். பத்து வருஷத்தில், கோயில் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் புதிதாக வந்தவர்களுக்குக் காட்டத் தெரியவில்லை.

ஜெர்வஸுக்குச் சகல புனிதர் கோயிலில் குழிவெட்டு வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிற வழி தோப்பு வாசலைத் தாண்டித்தான். ஆரம்பத்தில் போகும்போது ஒரு குவளை பீர் கொண்டுபோய்த் தூணடியில் ஊற்றுவான். "நெறைய அளவும்மா, பாத்துக்கங்க," என்பான். மனசு லேசாக இருந்தது. குழந்தை படுத்துவிட்டது, போதும்.

எந்த வருஷம் அது மாறியது என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் காலையில் இருமிக்கொண்டே வாசலைத் தாண்டினான். முதுகில் ஏதோ ஊர்ந்தது. தலையிலிருந்து கால்வரை ஒருமுறை ஓடி, தோளில் ஒரு நொடி நின்றது. அவனுக்குத் தெரியாத பார்வையா அது? வாழ்நாள் முழுக்க அவனே பார்த்த பார்வை. திரும்பிப் பார்த்தால் வெறும் வாசல், உள்ளே ஆப்பிள் மரம்.

அதற்குப் பிறகு அவன் அந்த வழியில் இருமுவதை நிறுத்திக்கொண்டான். நிமிர்ந்து நடந்தான். காய்ச்சல் வந்தாலும் படுக்கமாட்டான். பன்றி இறைச்சியைக் கட்டாயப்படுத்திச் சாப்பிடுவான். தாமசின் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்த வருஷத்து எட்பர்கா சனங்கள் செய்ததையெல்லாம் இவன் ஒருவனே செய்துகொண்டிருந்தான்.

"என்னய்யா உனக்கு?" என்று கேட்டாள்.

"தினமும் கேக்குறா அந்தக் கிழவி. குழி வெட்டியாச்சான்னு."

தாமசின் பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் அன்று இரவு முழுவதும் அவன் முதுகைக் கட்டிக்கொண்டே படுத்திருந்தாள்.

ஜெர்வஸ் சத்தியத்தை மறந்தவன் இல்லை. ராவ்லின்ஸிடம் போய்க் கேட்டான், தோப்பில் ஆறடி. "என் ஆப்பிளை அப்புறம் எவன்யா வாங்குவான்?" என்றான் ராவ்லின்ஸ். சகல புனிதர் கோயில் சாமியாரிடம் கேட்டான். மந்திரிக்காத நிலம், அங்கே புதைப்பது நாயைப் புதைப்பதற்குச் சமம் என்றார் அவர். மந்திரித்த நிலம்தான் சாமி, நானூறு வருஷம் என்றான். அதெல்லாம் அரசாங்கம் ரத்து செய்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டு வருஷம் ஓடியது. அந்த மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள், கைக்குட்டையில் ரத்தம் பார்த்துவிட்டு ஜெர்வஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பட்டப்பகல். ஆப்பிள் பறிக்கிற ஆட்களுக்கு நடுவிலேயே, கூரைவாசலுக்கு உள்பக்கம் வெட்ட ஆரம்பித்தான். என்ன வேலை என்று கேட்டதற்குப் பேரிக்காய்க் கன்று வைக்கப்போகிறேன் என்றான். இடுப்பளவு போனதும் அவன் உள்ளே படுத்து அளவு பார்த்தான். அப்போதுதான் ஆட்களுக்குப் புரிந்தது. நாலு பேர் இறங்கி அவனைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

"விடுங்கடா. பதினெட்டு வருஷமா நிக்கிறா ஒருத்தி," என்று அவன் மண்ணைப் பிடித்துக்கொண்டு கதறினான். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று கை வண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் செத்துப்போனான். கடைசி மூச்சுவரை தாமசினின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சு. "அங்க போட்ரு. எப்படியாவது அங்க போட்ரு." தாமசின் சாமியார் காலில் விழுந்தாள், ராவ்லின்ஸ் காலிலும் விழுந்தாள். சகல புனிதர் தோட்டத்தில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, யாரோ ஒருவன் கோணலாக வெட்டிய குழியில் ஜெர்வஸைப் புதைத்தார்கள். நல்ல இடம்தான். படுத்தால் படுத்ததுதான்.

மறுநாள் மதியம் தாமசின் தனியாகத் தோப்புக்குப் போனாள். ஜெர்வஸின் தொப்பியும் மண்வெட்டியும் கையில் இருந்தன. அவன் வெட்டிய குழி இன்னும் மூடாமல் கிடந்தது. தொப்பியை உள்ளே போட்டாள், மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்தாள். கையாலேயே மண்ணைத் தள்ளினாள். பிறகு எழுந்து வாசலைப் பார்த்து நின்றாள்.

"அவனை விடமாட்டேன்னுட்டாங்கம்மா. இதுதான் முடிஞ்சது. நீங்களும் ஊருக்கெல்லாம் குறைச்சுத்தான் அளந்தீங்க. இந்த ஒரு தடவை நீங்க குறைச்சு வாங்கிக்கங்க."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். காற்றுகூட இல்லை. சரி, கிழவி ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, வாசலைத் தாண்டி வெளியே நாலு அடி வைத்தாள்.

அப்போது அவள் முதுகில் அது ஊர்ந்தது. தலையிலிருந்து மெதுவாகக் கால்வரை ஓடி, தோளில் வந்து நின்றது. முப்பது வருஷம் அந்தப் பார்வையோடு குடும்பம் நடத்தியவள் தாமசின். வாசலில் இப்போது யார் நிற்கிறது என்று தெரிய அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வந்த இருமலை விழுங்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு சந்தைக்குப் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் மதிலை ஒட்டிய சுற்றுவழியாகத்தான் போனாள்.